பிள்ளையாரைப் பார்த்து நின்ற லாரி

பழைய வண்டியை மலிவாக வாங்க வேண்டுமென்றால் அதை விடிகாலையில் போய்ப் பார்க்க வேண்டும். சாயங்காலத்தில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். காரைக்குடியில் பழைய வண்டி வாங்கி விற்கும் தரகர் அழகுசுந்தரத்துக்கு இது நன்றாகத் தெரியும்.

அதனால்தான் மார்கழிப் பனியில், கையில் டீ கிளாஸுடன் அவர் வயிரவன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

வயிரவன் தன் பழைய மினி லாரியின் சாவியைத் திருப்பினார். இஞ்சின் பிடித்தது. பிடித்த கையோடு வண்டிக்கு உடம்பெல்லாம் உதறல் எடுத்தது. கதவு ஆடியது. முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் ஆடியது. அப்புறம் ஒரு விக்கல் விக்கி நின்றுபோனது.

“இஞ்சின் முடிஞ்சுபோச்சு வயிரவா,” என்றார் அழகுசுந்தரம், துக்க வீட்டுக் குரலில். “வெள்ளிக்கிழமை காலையில வாரேன். இரும்பு வெலைக்குத் தந்துரு. உனக்காகத்தான் கேக்குறேன்.”

ஒரு தரகர் ‘உனக்காகத்தான்’ என்று சொன்னால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. வயிரவன் தொட்டுப் பார்க்கவில்லை. தலையை ஆட்டிவிட்டார்.

ஆத்தங்குடியிலிருந்து பூப்போட்ட தரைக்கல் ஏற்றி வருவது அந்த லாரிதான். அது போய்விட்டால் வயிரவன் திருப்பூருக்குப் போய்க் கம்பெனி வண்டி ஓட்ட வேண்டும். பரணிலிருந்து பெரிய பை ஏற்கெனவே இறங்கியிருந்தது. அவர் மகள் ரேணுகா தினமும் அந்தப் பையைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனாள். ஆறாம் வகுப்பு.

“ஏம்ப்பா, வண்டிக்கு என்னதான் செய்யுது?”

“பனிதான் தாயி, வேற என்ன? பேட்டரி மாத்தியாச்சு, டீசல் பில்டரும் மாத்தியாச்சு. டீசல் ஏத்துற கைப்பம்பை அமுக்குனா நொரையா காத்து வருது. காத்து போனப்புறம் நாள் பூரா நல்லா ஓடுது. மறுநாக் காலையில பழைய கதைதான்.”

“ஆனா திங்கக்கிழமைதான பனி ரொம்ப? எதுத்த வீடே தெரியல. அன்னைக்கு ஒரே சாவியில கெளம்புச்சே?”

“அன்னைக்கு அதுக்கு நல்ல நேரம்போல.”

ரேணுகா இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிறு இரவு என்ன நடந்தது என்று யோசித்தாள்.

அவர்கள் தெருவின் மேட்டில் ஒரு பிள்ளையார் கோயில். வயிரவன் தினமும் மேட்டிலிருந்து இறங்கி வந்து, வண்டியைத் திருப்பி, கோயிலைப் பார்த்தே நிறுத்துவார். சோறு போடும் வண்டி சாமி முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். ஞாயிறன்று தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே நின்றதால் திருப்ப இடமில்லை. பள்ளத்தைப் பார்த்தபடியே விட்டுவிட்டு வந்தார்.

புதன்கிழமை மாலை செக்காலை ரோட்டில் வயிரவன் மகளுக்கு சர்பத் வாங்கிக் கொடுத்தார். அவள் உறிஞ்சினாள். ‘உர்ர்ர்’ என்று சத்தம் வந்தது; சர்பத் வரவில்லை. உறிஞ்சுகுழலில் ஒரு கீறல். பாதி ஏறிய சர்பத் திரும்பவும் கிளாஸுக்கே இறங்கியது. கீறலை விரலால் மூடிக்கொண்டு உறிஞ்சினாள். ஏறியது.

ரேணுகா கிளாஸைக் கீழே வைத்தாள்.

“அப்பா, டீசல் டேங்க் எங்குட்டு இருக்கு?”

“பின்னாடி.”

“இஞ்சின்?”

“முன்னாடி. லாரிக்காரன் மக கேக்குற கேள்வியா இது?”

“டீசல் போற குழாயில கீறல் இருக்குப்பா! வண்டி மேட்டைப் பாத்து நின்னா, ராத்திரி பூரா கீறல் வழியா காத்து ஏறுது. டீசல் டேங்குக்கே எறங்கிருது. காலையில இஞ்சின் என்னத்தக் குடிக்கும்?”

“கீறல் இருந்தா சொட்டணும்ல? கீழ ஒரு சொட்டு இல்லையே.”

“பள்ளத்தைப் பாத்து நிறுத்துங்க. டேங்க் ஒசரத்துக்குப் போயிரும், சொட்டும்.”

வயிரவன் முகம் மாறியது. “ஞாயித்துக்கிழமை வேற வழியில்லாம நிறுத்துனேன். வேணும்னே சாமிக்கு முதுகக் காட்டச் சொல்றியா?”

இது இஞ்சினைவிடப் பெரிய சிக்கல். அன்று இரவு லாரி மேட்டிலிருந்து இறங்கி வந்ததும், அப்பா அதைத் திருப்புவதற்குள் ரேணுகா பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“இப்ப உள்ள உக்காந்து பாருங்கப்பா.”

கண்ணாடிக்குள் பிள்ளையார் கோயில் விளக்கோடு தெரிந்தது.

“வண்டி சாமியத்தான பாக்குது?”

வயிரவன் சிரித்துவிட்டார். “நீ அழகுசுந்தரத்தையே வித்துருவ,” என்றார். லாரி பள்ளத்தைப் பார்த்து நின்றது. அதன் அடியில் ரேணுகா ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தாள்.

வியாழன் காலை லாரி ஒரே சாவியில் கிளம்பியது, உதறாமல். அட்டையில் வெற்றிலை அளவுக்கு டீசல் கறை. அதற்கு நேர் மேலே, பில்டருக்குப் போகும் ரப்பர் குழாயில், கிளிப்புக்கு அடியில் மயிரிழை அளவு வெடிப்பு.

“இத்தனூண்டா!” என்றார் வயிரவன். புதுக் குழாய் மாட்டினார். அன்று இரவு லாரி மறுபடி பிள்ளையாரைப் பார்த்து நின்றது.

வெள்ளி விடிகாலை அழகுசுந்தரம் டீயோடு வந்தார். முதலில் இஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்து ஏமாற்றுபவர்கள் உண்டு. மூடி ஐஸாகக் குளிர்ந்தது.

“சரி, கெளப்பு.”

லாரி கிளம்பியது. நின்றுபோகட்டும் என்று அழகுசுந்தரம் மெதுவாக டீ குடித்தார். டீ தீர்ந்தது. லாரி நிற்கவில்லை. எலுமிச்சம்பழம்கூட ஆடவில்லை.

அவர் குரலில் இருந்த துக்கமெல்லாம் போய்விட்டது. “இரும்பு வெலைன்னு சொன்னது சும்மா வெளையாட்டுக்கு வயிரவா. நல்ல வெலையாவே பேசுவோமே?”

“விக்கலண்ணே,” என்றார் வயிரவன். உள்ளே ரேணுகாவின் அம்மா திருப்பூர்ப் பையைப் பரணில் ஏற்றும் சத்தம் கேட்டது.

அழகுசுந்தரம் தன் மொபெட்டை மிதித்தார். அது இருமியது. இன்னொரு முறை மிதித்தார். இருமிவிட்டு அடங்கியது.

ரேணுகா பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

“ராத்திரி எங்குட்டுப் பாத்து நிறுத்துனீக மாமா?”