தொட்டிக் கோபுரத்தில் ஒரு பழக்கம்

முதல் படியில் அவள் கால் வைக்கும் முன்பே ஏணி அதிர்ந்துகொண்டிருந்தது. யாரோ ஏறிக்கொண்டிருப்பதுபோல் மெல்லிய, சீரான அதிர்வு. அண்ணாந்து பார்த்தாள். குடியிருப்புக்குப் பின்னால் நின்ற தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் உச்சிவரை வெறும் இரும்புப் படிகள்; அந்தி வெளிச்சம் அவற்றின்மேல் இன்னொரு அடுக்குத் துருவாகப் படிந்திருந்தது.

"காத்தாலைக் காத்தாடியில ஏறப் போற ஆளு, தண்ணித் தொட்டிக்கே யோசிச்சா எப்படி அண்ணி?"

பக்கத்தில் நின்ற நாத்தனார் சிரித்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர்.

அண்ணி சிரிக்கவில்லை. கணவன் இறந்துபோனதிலிருந்து சிரிப்பும் அழுகையும் பக்கத்து வீட்டு வானொலிபோல எங்கோ கேட்டன. காற்றாலைப் பராமரிப்புப் பயிற்சிக்கான நேர்காணலில், "உயரம்னா பயமா?" என்று கேட்டார்கள். "எதுக்குமே பயம் வரல," என்றாள். அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை பயிற்சி ஆரம்பம். அதற்குள் கை பழக வேண்டும்.

இடுப்புவாரில் இரண்டு கொக்கிகள். ஒன்றைக் கழற்றி மேல்படியில் மாட்டிய பிறகே மற்றதைத் தொடலாம். எந்நேரமும் ஒன்றாவது ஏணியைப் பிடித்திருக்க வேண்டும். அப்படித்தான் ஏறினாள். உள்ளங்கையில் துருவின் சொரசொரப்பு, தலைக்குமேல் தொட்டிக்குள் தண்ணீர் புரளும் சத்தம், கொக்கி விழும் கிளிக். பாதி உயரத்தில்தான் கவனித்தாள். அவளுடைய கிளிக்கைத் தொடர்ந்து, கீழே இன்னொரு கிளிக்.

"வாலு, நீயும் ஏறுறியா?"

"எனக்கென்ன பைத்தியமா? தரையிலதான் நிக்கிறேன்."

ஒரு படி ஏறினாள். கீழே கிளிக். நின்றாள். அதுவும் நின்றது. ஈர இரும்பின் நெடி பின்கழுத்தில் பட்டது, விட்டு விட்டு, மூச்சுபோல.

"அண்ணி." வாலுவின் குரலில் விளையாட்டு இல்லை. "இறங்கிடுங்க."

"ஏன்? என்னடி?"

வாலுவின் பார்வை அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நிலைத்திருந்தது.

அவள் படியை இறுகப் பற்றிக்கொண்டாள். இத்தனை மாதமாக எட்டிப் பார்க்காத பயம். அப்படியென்றால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. இறங்கிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எல்லா விளக்கையும் போட்டுவிட வேண்டும்.

கிளிக்.

இடது கொக்கி திறந்தது. அவள் தொடவில்லை.

கிளிக்.

வலதும்.

கால் வழுக்கியது. கை படியை விட்டது.

விழவில்லை.

தரையில் வாலு வாயைப் பொத்திக்கொண்டு பின்னால், பின்னால் நகர்ந்துகொண்டிருந்தாள். இரண்டு கொக்கிகளும் காற்றில் ஆடின. ஏணி கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. பின்னாலிருந்து, அதே ஈர இரும்பு நெடியோடு, இரண்டு கைகள் அவள் இடுப்பைச் சுற்றி விலா நெரிய இறுக்கின. அவளைத் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கின, ஏணியே இல்லாத வெட்டவெளியில், படிப்படியாக, மேலே.