முப்பத்திரண்டு குழாய்கள்

சனிக்கிழமை காலை, ஓய்வுபெற்ற கைரேகை அதிகாரி நளீரின் புத்தளத்து வீட்டுக்கு ஷஃபீனா வந்தபோது அவள் கண்கள் வீங்கியிருந்தன. கரைத்தீவுப் பெண். பல்கலைக்கழக விடுமுறையில், களப்பு எனப்படும் உப்பங்கழியின் ஓரத்து மரபணு ஆய்வுகூடமொன்றில் ஆறு கிழமைப் பயிற்சி பெற்றுவந்தாள்.

"சேர், இறால்ல நோய் இருக்கா எண்டு பார்க்க மாதிரி எடுத்து, குழாய்ல போட்டு, ஒரு பெட்டில ஃப்ரீசர்ல வெச்சிருந்தன். நேத்துக் காலைல எல்லாம் உருகிக் கிடந்திச்சு. நான் கதவ மூடலயாம். திங்கக்கிழம அறிக்கைல அப்படித்தான் எழுதப்போறாங்க."

"திரும்ப உறைய வெச்சா சரிவராதா?" என்றாள் றிஸ்லா. நளீரின் தங்கை மகள், சட்டம் படிப்பவள், மாமாவிடம் வரும் எந்த வழக்கையும் விடமாட்டாள்.

"இல்ல. கிருமிட ஆர்.என்.ஏ. சூட்டுல சிதைஞ்சிரும்."

"எத்தனை குழாய்?" என்று நளீர் கேட்டார்.

"அஞ்சு பண்ணைல முப்பது. வியாழன் பின்னேரம் எல்லாரும் போன பிறகு, கண்டக்குழில மீன் பிடிக்கிற உசனார் நானா களப்பு இறால் ரெண்டு கொண்டு வந்தார். அதையும் ரெண்டு குழாய்ல போட்டு அதே பெட்டில வெச்சன். பதிவுக் கொப்பில இன்னும் எழுதல்ல."

"உருகினத யாரிட்ட முதல்ல சொன்னீங்க?"

"பெட்டிய மூடிட்டு அழுதுகொண்டு வெளிய ஓடினன். உதவியாளர் அஸ்ஜத் நானாவும், என்னோட பயிற்சிக்கு வந்த ஸியாத்தும் நிண்டாங்க. 'மாதிரி எல்லாம் போச்சு' எண்டன். 'அல்லாஹ்!' எண்டார் அஸ்ஜத் நானா. 'முப்பத்திரண்டுமா?' எண்டான் ஸியாத்."

நளீர் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டார்.

ஆய்வுகூடத்தில் பொறுப்பாளர் முனவ்வரா ஷஃபீனா, அஸ்ஜத், ஸியாத் மூவரையும் அழைத்து நிறுத்தினார். ஃப்ரீசரைத் திறந்த நளீர், ஒரு மூலையில் இருந்த கோப்பையை வெளியே எடுத்தார். உறைந்த தண்ணீர், அதன் மேல் ஒரு நாணயம்.

"இது எதுக்கு?"

"கரண்ட் போனா தெரியிறதுக்கு," என்றார் அஸ்ஜத். "ஐஸ் உருகினா காசு அடிக்குப் போயிரும்."

"காசு மேலதான் இருக்கு!" என்றாள் றிஸ்லா. "அப்ப கதவு திறந்து கிடக்கவே இல்ல, மாமா!"

"ஓம். பெட்டிய மட்டும் வெளிய எடுத்து, உருகவிட்டு, திரும்ப வெச்சிருக்காங்க. இந்த ஃப்ரீசர்ப் பூட்டுக்குத் திறப்பு வெச்சிருக்கிறது இந்த மூண்டு பேர்தான். கடைசி ரெண்டு குழாய் ஷஃபீனாவுக்கு மட்டும்தான் தெரியும். பெட்டிக்குள்ள பார்த்த ஆளுக்கும் தெரியும்." நளீர் திரும்பினார். "முப்பத்திரண்டு எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும், தம்பி?"

ஸியாத் கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த அஞ்சுல ஒண்டு வாப்பாட பண்ணை. குளத்துல இறால் செத்து மிதந்திச்சு," என்றான். "முடிவு வந்தா ஒண்டும் விக்க ஏலாது. உம்மா அழுதாங்க. வியாழக்கிழம ராவு திரும்ப வந்து பெட்டிய வெளிய எடுத்து வெச்சன், விடியத்தான் உள்ளுக்கு வெச்சன்."

ஷஃபீனா கதவை மூடவில்லை என்று எழுதி வைத்திருந்த அறிக்கைப் பக்கத்தை முனவ்வரா கிழித்தார். ஷஃபீனாவுக்கு அது போதவில்லை.

"நாளைக்கே திரும்ப மாதிரி எடுப்பம், மெடம்."

"எங்க எடுக்கிறது?" ஸியாத் தலை நிமிரவில்லை. "எல்லாப் பண்ணைலயும் அறுவடை முடிஞ்சிட்டு. வாப்பா நேத்தே தண்ணிய களப்புக்குத் திறந்துவிட்டுட்டார்."

ஷஃபீனா நளீரைப் பார்த்தாள்.

"செஞ்சது யாரெண்டு சொல்லத்தான் எனக்கு ஏலும், மகள்," என்றார் அவர்.

திங்கட்கிழமை மற்றவர்கள் வரைபடங்களோடு முடிவுகளைக் காட்டினார்கள். ஷஃபீனாவின் தாளில் முடிவு என்ற தலைப்பின் கீழ் ஒரே வரிதான் இருந்தது: களப்புக்குள் நோய் போயிருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.