ஆயுத பூஜைக்குக் கழுவிய தொட்டி

சங்கு ஊதியது. நிலையப் பொறுப்பாளர் தங்கமாரி தொட்டியின் வெளியேற்றுக் குழாயில் இரண்டு தம்ளர் தண்ணீர் பிடித்து மேடையில் வைத்தாள்.

கம்பம் பள்ளத்தாக்கின் வாழைக்காய்க் கழுவுநிலையத்தில் தினமும் நடப்பதுதான். பூசணம் பிடிக்காமலிருக்கக் காயை மருந்தில் முக்குவார்கள். அந்த விஷத் தண்ணீரை நுண்ணுயிர்த் தொட்டி தின்று செரிக்கும். அதை ஆற்றில் விடும் மதகைத் திறக்குமுன் நிலையப் பொறுப்பாளர் ஒரு தம்ளர், ஆற்றின் கீழ்ப்புறத்து ஊர்க்காரர் ஒரு தம்ளர், எதிரெதிரே நின்று குடிக்க வேண்டும். தண்ணீரைச் சோதிக்கும் மீட்டர்கள் காசுக்குப் பொய் சொன்ன காலத்துக்குப் பின் வந்த சட்டம்.

கீழூர் மொக்கைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். "பூசையெல்லாம் ஜோரா, தாயி? தொட்டுக்கச் சுண்டல் இருக்கா?"

"உங்களுக்கில்லாததா, பெரியப்பா!"

சிரித்தபடி தொட்டியை எட்டிப் பார்த்தவள் சட்டென்று குனிந்தாள். எப்போதும் பழுப்பாய், வழவழவென்று கிடக்கும், நுண்ணுயிர் ஒட்டி வளரும் மணிகள் முத்தாய் வெளுத்திருந்தன.

"சேசுராசு! தொட்டிய என்ன பண்ணின?"

ஆபரேட்டர் பெருமையாகச் சிரித்தான். "நேத்து பூசைக்கு எல்லா மெஷினையும் கழுவினோம்லக்கா. இது மட்டும் பாசி புடிச்சுக் கெடந்துச்சு. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுப் பொட்டும் வச்சுட்டேன்!"

பாசியல்ல. விஷம் தின்னும் உயிர்களே அந்த வழவழப்புதான்.

வாசலில் லாரிகள் உறுமின. மதகு திறக்காவிட்டால் புதுக் காய் கழுவ முடியாது, பழுத்துப் போகும், அவள் வேலையும் போகும். ஒருநாள் குடித்தால் செத்தா போவோம்? மனசு பேரம் பேசி முடிப்பதற்குள் மொக்கைச்சாமி தம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டார்.

பாய்ந்து தட்டிவிட்டாள். தம்ளர் உருண்டது.

"குடிக்காதீங்க! தொட்டி செத்துப்போச்சு. மதகு திறக்காது."

அவர் நனைந்த சட்டையைப் பார்த்தார். பிறகு அவளை.

"விஷம் வருதுன்னு எங்ககிட்ட முன்கூட்டிச் சொன்ன மொத ஆளு நீதான் தாயி." தொட்டியை எட்டிப் பார்த்தார். "தொட்டியில இருந்த வழவழப்பு எங்க வாய்க்கால் கல்லுலயும் இருக்கே. இங்கேருந்து வழிஞ்சு வந்ததுதான?"

தங்கமாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் கீழூரே அன்னக்கூடைகளில் வாய்க்கால் கல்லைச் சுமந்து வந்து, அலசிய தொட்டியில் இறக்கியது. வந்தவர்கள் லாரிக் காய்களை மருந்தில் முக்காமலே வறுவலுக்கு அள்ளிப் போனார்கள். சில வாரங்களில் தொட்டி மெல்ல மெல்ல மறுபடி பழுப்பேறியது.

மறுபடி சங்கு ஊதிய காலையில் தங்கமாரி முதலில் குடித்தாள். மொக்கைச்சாமி முகர்ந்தார், மண்வாசனை. மடமடவென்று குடித்துவிட்டுக் கை நீட்டினார்.

"சுண்டல் எங்க தாயி?"