ஏழு வீட்டுப் பரண்

நவம்பர் மாதம், மாலை நாலே கால்; வெளியே அதற்குள் அந்தி சாயத் தொடங்கியிருந்தது. கொத்தனார் ரூபன் ஹாலட், பரணிலிருந்து ஏணியில் இறங்கி, படுக்கையறைக்கு மேலிருந்த சதுரப் பலகையை இழுத்து மூடினான்.

"ரெண்டு பக்கமும் சுவர் வெச்சாச்சு. இனி எலிகூட உங்களைக் கேட்டுட்டுத்தான் வரணும்."

கட்டிலில் கிடந்த ஆல்பன் சிரித்தான். உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். ஹெஸ்டர் கணவனின் தலையணையைச் சரிசெய்தாள். அவன் தூங்க வேண்டும். இன்னொரு முறை அதிர்ந்தால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த வீட்டில் தூக்கம் எங்கே வரும்? தோளோடு தோள் ஒட்டிய ஏழு கல்வீடுகள். முந்நூறு வருடங்களுக்கு முன் நெசவாளர்களுக்காகக் கட்டியவர்கள் வீட்டுக்கு வீடு சுவர் வைத்தார்கள்; பரணை மட்டும் ஒரே நீளமாக விட்டுவிட்டார்கள். அந்தி சாய்ந்ததும் யாரோ அதில் நடப்பார்கள். அந்த நடை முதல் வீட்டின் மேல் தொடங்கி, ஏழாவதில் முடியும்.

வாசல் கதவுக்குச் வண்ணம் அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டிய பழைய வரிசை அது. பரணில் சுவர் வைக்க ஹெஸ்டர் யாரையும் கேட்கவில்லை; அதற்குள் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

ரூபனை அனுப்ப ஹெஸ்டர் கீழே வந்தாள். ஐந்தாம் வீட்டு மேபெல் சால்வையோடு வாசலில் நின்றாள்.

"சுவரை எப்போ முடிச்சீங்க, கண்ணு?"

"இப்பத்தான்."

"முதல் வீட்டுல இன்னிக்கு நடக்குற சத்தம் கேட்டுச்சாம். ரெண்டாம் வீட்டுலயும் கேட்டுச்சாம். எனக்கு இன்னும் கேக்கல." மேபெலின் குரல் தணிந்தது. "நடுவுல மூணாவது உன் வீடு. அங்க நடக்குறது இப்போ எங்க இருக்கு?"

ரூபன் தொப்பியைக் கழற்றினான்.

"கடைசிக் கல்லு வைக்கும்போது ஏதோ முதுகை உரசிட்டுப் போச்சு. காத்துன்னு நெனச்சேன்."

மேலே சத்தம் எழுந்தது.

நான்கு அடி. ஒரு திரும்பல். நான்கு அடி.

சுவரில் நகம் கீறும் ஒலி.

மறுபடி நான்கு அடி. இப்போது வேகமாக.

"சுத்தியலை எடு, ரூபன்," என்றாள் ஹெஸ்டர். "உடைச்சிடு. போயிடட்டும்."

அவன் வண்டிக்கு ஓடினான். அவள் படிக்கட்டுக்கு ஓடினாள்.

நடை நின்றது.

பலகை நகர்ந்தது.

ஈரக் கம்பளியின் வாடை படியிறங்கி வந்தது. பிறகு கட்டில் கிறீச்சிட்டது, ஒருவர் மெல்லப் படுப்பதுபோல.

அவளுக்கு இன்னும் மூன்று படிகள் இருந்தன.

மேலிருந்து ஆல்பனின் குரல் வந்தது, பாதித் தூக்கத்தில், செல்லமாக.

"கொஞ்சம் தள்ளிப் படேன், ஹெஸ்டர். உன் கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"