அவனுக்காகச் சொன்ன நம்பர்

செவ்வாய்க்கிழமை மாலை ஏழரைக்கு அண்ணன் போனில் பேசியபோது, அவன் குரலுக்குப் பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் விழுகிற மழை. தாரணி அதை நோட்டில் குறித்தாள். குறித்துவிட்டுத் தன் காதையே நம்பாமல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

இங்கே தேயிலை மலையில் ஏழரை என்றால் அங்கே மதியம் இரண்டரை. அண்ணன் யுகேந்திரன் இருந்தது பாலைவனத்தில், ஒரு வெளிநாட்டு ராணுவ முகாமில். ஜெனரேட்டர் பார்க்கிற ஒப்பந்த வேலை. போய் ஏழு மாதமாகிறது, ஒரு சொட்டு மழையைப் பார்க்கவில்லை என்று அவனே சொல்லியிருந்தான்.

'என் சந்தேகம்' என்று அவள் நோட்டில் ஒரு கட்டம் உண்டு. தானா ராத்தா டவுனில் மாலை வகுப்பு எடுக்கும் திலகா டீச்சர்தான் தினமும் எழுதச் சொன்னது. நடந்தது ஒரு பக்கம், நினைத்தது ஒரு பக்கம். அந்தக் கட்டத்தில் எழுதினாள்: 'இங்கேயும் மழை. இந்தச் சத்தமே போனில் திரும்பிக் கேட்டிருக்கும். நான் எப்போதும் இப்படித்தான்.'

நோட்டின் முதல் மூன்று பக்கம் அண்ணன் எழுதவைத்தது. வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் நம்பர், பாஸ்போர்ட் நகல் எந்த டிராயரில், இரண்டு நாள் அழைப்பு வராவிட்டால் யாருக்குச் சொல்வது. மூன்றாம் பக்கத்தில் பெரட்டு. அப்பா உயிரோடிருந்த காலத்தில் தேயிலைக்காட்டில் விடிகாலை ஆள் கணக்கெடுப்பார்கள்; அதுதான் பெரட்டு. கணக்கெழுதும் கிராணி பேரைக் கூப்பிட, ஆள் தன் நம்பரைச் சொல்ல வேண்டும். அதையே அண்ணன் அடையாளமாக வைத்தான். "நீ கூப்பிடு, நான் அப்பா நம்பர் சொல்றேன். சொன்னாத்தான் டிக் போடணும். சொல்லலன்னா நான் நல்லா இல்லன்னு அர்த்தம், புரியுதா?"

ஏழு மாதம் அவன் ஒரு நாளும் தவறவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முந்தைய வியாழக்கிழமை மட்டும், "அமிர்தலிங்கம் மகன் யுகேந்திரன்!" என்று அவள் கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. இரண்டு தடவை கூப்பிட்டாள். அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. தோட்டத்து லயன் வீடுகளில் எவனாவது காய்ச்சலில் படுத்துக்கிடந்தால், பெரட்டில் பக்கத்து வீட்டுக்காரன் அவன் நம்பரைச் சொல்லிவிடுவான். அப்பாவே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பழக்கம். "நூத்தி நாப்பத்தேழு! இருக்கான், போட்டுக்குங்க!" என்று சிரித்தபடி தானே சொல்லி டிக் போட்டாள்.

சற்றுப் பொறுத்து, "இருக்கேன்" என்றது குரல். மறுநாளிலிருந்து நம்பரை அதுவே சரியாகச் சொன்னது.

புதன்கிழமை மழை இல்லை. அழைப்பில் தவளைகள் கத்தின.

"பாலைவனத்துல ஏதுலா தவள?" என்று மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ஜெயா சிரித்தாள். "அம்மா கம்போங் ராஜா போயி பத்து நாளாச்சு. தனியா கெடந்து ஒனக்குக் காது கொழம்பிருச்சு. ராத்திரிக்கு நம்ம வீட்டுல வந்து படு."

"இல்லக்கா, ஏழரைக்கு போன் வரும்."

"ஆமா, பெரிய கிராணி. பெரட்டு எடுக்கணும்!"

அன்று மாலை நாலு மணிக்கு, கியா பார்ம் கடையில் அவள் ஸ்ட்ராபெரியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஏஜென்சியிலிருந்து தர்மேந்திரன் கூப்பிட்டான். தயங்கித் தயங்கிப் பேசினான்.

"போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை முகாம்ல குண்டு விழுந்துச்சு. அன்னையிலேருந்து அங்க ஒரு போனும் வேல செய்யல. எங்களுக்கே இப்பதான் முழு வெவரம் வருது."

"அண்ணன் தெனமும் பேசுறாரே."

"அந்த வாரம் வெள்ளிக்கிழம, வெவரம் சொல்லாம நான் விசாரிச்சப்பவும் அதத்தான் சொன்னீங்க. அதனாலதான் காணாதவங்க லிஸ்ட்லேருந்து அவரு பேர எடுத்தோம்." அவன் காகிதம் புரட்டுவது கேட்டது. "ஜெனரேட்டர் கொட்டகையத் தோண்டி ரெண்டு பேர எடுத்தாங்க. ஒருத்தர் உசுரோட. ரெண்டு பேருதான்னு அதோட நிறுத்திட்டாங்க. மூணாவதா ஒருத்தரு உள்ள இருக்காருன்னு யாருக்கும் தெரியல. இன்னைக்குத்தான்..."

மிச்சத்தை அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, விளக்குப் போடாமல் முன்னறையில் உட்கார்ந்தாள். தேயிலை ஃபேக்டரியிலிருந்து வாட்டிய இலையின் வாசம் பனிமூட்டத்தோடு ஜன்னல் இடுக்கில் நுழைந்து, ஈரத்துணி வாடையோடு கலந்து, அறை முழுக்க மெதுவாகக் கனத்தது. நோட்டைத் திறந்தாள். அந்த வியாழனிலிருந்து பதினான்கு டிக். முதல் டிக் மட்டும் அவளே சொன்ன நம்பருக்கு. 'போனை எடுக்கக் கூடாது' என்று எழுதினாள். 'ஒருவேளை அண்ணனாகவே இருந்தால்?' என்று அடுத்த கட்டத்தில் எழுதினாள்.

ஏழரை.

எடுத்தாள்.

"தாரு. சாப்பிட்டியா?"

பின்னால் தவளைகள். எழுந்து நடந்தாள். முன்னறையில் சத்தம் மெலிதாக இருந்தது. நடையில் கூடியது. சமையலறைக் கதவருகே, போனுக்குள்ளே குழாய் சொட்டுவது கேட்டது. அவள் வீட்டுக் குழாய். அதற்கும் மேலாக, நெருங்கி வருகிற காலடி.

அவள் காலடி.

நின்றாள். போனில் காலடியும் நின்றது. சமையலறை இருட்டிலிருந்து டீசல் வாடை வந்தது. டீசலும், காய்ந்த மண்ணும்.

"அண்ணே, நீ எங்க இருக்கே?"

"இருட்டா இருக்குமா. மேல கனமா இருக்கு."

"அண்ணே..."

"கூப்பிட்டுக்கிட்டேதான் கெடந்தேன். மேல தோண்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல."

சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மடியில் நோட்டு.

"நான் தெரியாம சொல்லிட்டேன்ணே."

"நீ இருக்கான்னு சொன்ன. அதான் இருக்கேன்." குரலில் கோபமில்லை. எதுவுமே இல்லை. "இன்னைக்கு நான் கூப்பிடுறேன்."

"வேணாம்."

"அமிர்தலிங்கம் மகள் தாரணி."

வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். போன் தரையில் விழுந்து, முகப்பு வெளிச்சத்தோடு கிடந்தது. பதில் சொல்லக் கூடாது. மூச்சுகூட விடக் கூடாது. சொல்லாவிட்டால் டிக் இல்லை; அவன் கிடக்கும் இடத்துக் கணக்கில் அவள் பேர் சேராது.

குழாய் சொட்டியது.

இன்னொரு தடவை கூப்பிட்டது. "அமிர்தலிங்கம் மகள் தாரணி."

சமையலறை இருட்டிலிருந்து, கையெட்டும் தூரத்தில், அவளுடைய குரல், அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்போடு சொன்னது:

"நூத்தி நாப்பத்தேழு! இருக்கா, போட்டுக்குங்க!"

தரையில் கிடந்த போனுக்குள், பேனா காகிதத்தைக் கீறிற்று.