கழற்றாத சப்பாத்து

புதன், காலை 6.40.

அக்கரப்பத்தனையில் புல்லின் மேல் உறைபனி படிந்திருந்தது. சோலைமலை வீட்டுப் பின்புறம், தண்ணீர் விழும் பீலியடியில் பிணம் கிடந்தது. கழுத்தில் சங்கிலி, கடைவாயில் நுரை. பெயர் மணி. வயது மூன்று. இனம், நாய்.

இரண்டு நாளாகக் கல்லையும் கட்டையையும் கடித்துக்கொண்டிருந்த நாய் அது. சோலைமலை அதைப் புதைத்துவிடாமல் சுகாதாரப் பரிசோதகருக்குப் போன் போட்டார். அதன் தலை பரிசோதனைக்காகக் கொழும்புக்குப் போனது.

அதே நாள், 8.15. அலியார் கடை.

அலியார் பேரத்திலேயே வளர்ந்தவர். வந்தவர் என்ன கேட்கிறார் என்பதைவிட ஏன் கேட்கிறார் என்பதில்தான் அவருக்கு ருசி. அன்று பார்த்து ஐந்தாறு பேர் கல்லாவை மொய்த்திருந்தார்கள்.

"அட்டை கடிச்சிருச்சு நானா, கொஞ்சம் சுண்ணாம்பு குடுங்க" என்றார் பொன்னையா.

"ஒங்க ரத்தத்தக் குடிச்சதுக்கு இந்நேரம் சீனி வருத்தம் வந்திருக்குமே!" அலியார் சுண்ணாம்பை இலையில் வழித்துக் கொடுத்தார். பொன்னையா சிரிக்கவில்லை.

அவர் சோலைமலைக்குச் சம்பந்தி ஆகப்போகிறவர். போன ஞாயிறுதான் மகன் ஜெனுஷனுக்கு அந்த வீட்டு டிலுக்ஷியைப் பெண் பார்த்துவிட்டு வந்தார்கள்.

சனி, 10.05.

டாக்டர் மெரினா கடைக்குள் வேகமாக வந்தார். பின்னால் சோலைமலை.

"நாய்க்கு விசர், வெறி நோய்தான்னு முடிவு வந்திருச்சு. இவங்க வீட்டுல எல்லாருக்கும் ஊசி போட்டாச்சு. ஆனா வேற யாரையோ கடிச்சிருக்கு." டாக்டர் ஒரு பொலித்தீன் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சாம்பல் நிறக் கம்பளித் துணுக்கு. "கால்ல மாட்டுற மேஸோட துண்டு. சங்கிலியடியில கெடந்துச்சு. தோட்டம் முழுக்கக் கேட்டோம், யாரும் வாயத் தொறக்கல. இந்த ஊரு மொத்தமும் ஒங்க கடைக்குத்தானே வருது?"

"கடிச்சிருந்தா இந்நேரம் காயம் ஆறியிருக்குமே?"

"ஆறும், அதுதான் ஆபத்து. இது ஆர்.என்.ஏ. வைரஸ். அதுக்குச் சொந்தமா நகரத் தெரியாது. நரம்பு முனையில இருக்கிற நம்ம புரதத்தையே பிடிச்சு உள்ள நுழையும். உள்ள சாமான் சுமக்கிற இன்னொரு புரதத்துல தொத்திக்கிட்டு மூளைக்குப் போகும்."

"நம்ம லொறி, நம்ம டீசல், நம்ம ட்ரைவர். அது மட்டும் ஓசியில போகுதாக்கும்."

"போய்ச் சேந்துட்டா மருந்தே இல்ல நானா. காலுல கடிச்சிருந்தா தூரம் அதிகம். அதுதான் நமக்குக் கெடச்ச அவகாசம்."

அலியார் சோலைமலை பக்கம் திரும்பினார்.

"கடைசியா வீட்டுக்கு வந்த வெளியாள்?"

"ஞாயித்துக்கெழம, சம்பந்தி வீட்டாளுங்க."

"பீலிக்குப் போனது?"

"பொன்னையா அண்ணன். கால் கழுவ."

"திரும்பி வந்து?"

"பலகாரம் சாப்பிட்டாரு." சோலைமலை தயங்கினார். "கால் கழுவப் போன மனுஷன் சப்பாத்தோடயே உள்ள வந்து உக்காந்தாருன்னு வீட்டுல இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க."

தராசில் பருப்பைக் கொட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"ரபீக்கா! கடையப் பாத்துக்க" என்று மனைவிக்குக் குரல் கொடுத்துவிட்டு அலியார் படியிறங்கினார். டாக்டரும் சோலைமலையும் பின்னாலேயே ஓடினார்கள்.

10.50. பொன்னையாவின் லயத்து வீடு.

"கடி வாங்கின ஆளு நீங்கதான், பொன்னையா."

"அட்டைதான் நானா கடிச்சிச்சு."

"பதினெட்டு நாளா ஒரு சொட்டு மழை இல்ல, காலையில புல்லு பனியில கருகுது. அட்டை எங்கேர்ந்து வந்துச்சு, ஹட்டன் பஸ்ஸுலயா? அட்டைன்னு நீங்க சொன்னதும் சுண்ணாம்ப வழிச்சுக் குடுத்தேனே, ஏமாந்தவன் நான். கால் கழுவப் போனவரு சப்பாத்தக் கழட்டாம வந்தது ரத்தத்த மறைக்கத்தானே? எங்க, காலக் காட்டுங்க."

பொன்னையா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை மெல்ல உயர்த்தினார். கணுக்காலில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசைத் தழும்புகள்.

"எம் பொண்டாட்டி மீனம்மா, பூனை குறுக்க போனதுக்கே ஒரு சம்பந்தத்த முறிச்சவ" என்றார் தாழ்ந்த குரலில். "பொண்ணு பாக்கப் போன எடத்துல நாய் கடிச்சிச்சுன்னா விடுவாளா? பையன் அந்தப் புள்ள மேல உயிரா இருக்கான்."

கதவருகே நின்ற மீனம்மாவின் காதில் அத்தனையும் விழுந்தது. அவள் முகம் இறுகியது. சோலைமலை தலை குனிந்தார்.

அலியார் வியாபாரக் குரலுக்கு வந்தார். "சகுனம் பாக்குறதுன்னா முழுசாப் பாக்கணும், மீனம்மா. நாய் கடிச்சது கெட்டதுன்னே வைங்க. அத ஒளிச்சுப் பொதைக்காம பரிசோதனைக்கு அனுப்பி, ஒங்க வாசலுக்கே மூச்சு வாங்க ஓடி வந்து நிக்கிறாரே இந்த மனுஷன், இது எந்தக் கணக்குல சேரும்?"

மீனம்மா சோலைமலையின் புழுதி படிந்த கால்களைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றாள். படியிறங்கும்போது கணவன் பக்கம் திரும்பி, "நீங்க போயிட்டா எனக்கு எந்தச் சகுனம் பாத்து என்ன ஆகப்போவுது?" என்று விம்மினாள்.

காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். காயத்தைச் சுற்றி மருந்தை ஏற்றினார்கள். தடுப்பூசிகளில் ஒன்றுகூடத் தவறாமல் மீனம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

சித்திரை மாதம், முற்பகல் 9.30. கல்யாண வீடு.

வெளியே மழை. சோலைமலை வீட்டு வாசலில் பொன்னையா சப்பாத்தைக் கழற்றினார், மேஸையும் கழற்றினார். தழும்பு எல்லாருக்கும் தெரிய வெறுங்காலோடு உள்ளே நடந்தார். சோலைமலை ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

மீனம்மா வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் அலியாரிடம் நீட்டினாள். "மொதல்ல நீங்க எடுங்க நானா. இந்த மனுஷன் இங்க நிக்கிறது ஒங்களாலயும் எங்க சம்பந்தியாலயும்தான்."

அலியார் ஒரு இலையை எடுத்துக்கொண்டார்.

"வெத்தல மட்டும் போதும்மா. சுண்ணாம்ப ஒங்க வீட்டுக்காரருக்கு எடுத்து வைங்க. மழை வந்திருச்சு, இனி வரப்போறது நெசமான அட்டை."