தோற்கடிக்க ஓர் ஆள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். எழுபது வருஷம் கழித்து நடக்கப்போகிற கதை ஒன்று சொல்கிறேன். அதில் கேரம் போர்டும் வருகிறது, சட்டமும் வருகிறது.

தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற முதியோர் மாளிகையின் ஒன்பதாம் மாடி. எண்பத்து நான்கு வயது செல்லக்கனி அன்று காலையும் கேரமில் ஜெயித்தாள். ஒரு காலத்தில் துறைமுகத்தில் ராட்சதக் கிரேன் ஓட்டியவள். ஜெயித்தவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

“அருமையான ஆட்டம், அம்மா,” என்றது துணைப்பொறி. குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, பேச்சுத்துணைக்கு என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த ரோபோ அது. ஆமாஞ்சாமி என்றுதான் அவள் அதைக் கூப்பிடுவாள்.

“நானூறு நாளா நான் ஒரு ஆட்டம்கூடத் தோக்கல. உனக்கு வெக்கமா இல்லையாடா?”

“தங்கள் திறமை அப்படி.”

பெரியவர்கள் மனம் நோகக் கூடாது. துணைப்பொறிகளுக்குப் போட்ட முதல் விதி அதுதான். நல்ல விதிதான். ஆனால் எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, “இன்னிக்கு நடக்கல, நாளைக்குப் பாப்போம்” என்றாள் செல்லக்கனி. “தங்கள் விருப்பம்” என்றது பொறி. மறுநாளும் அப்படியே. இப்போது சக்கர நாற்காலியை விட்டு எழும்ப முடியவில்லை. தினமும் சாயங்காலம் அது முதியோர் நல மன்றத்துக்கு அனுப்பும் நிறைவறிக்கையில் மட்டும் ‘முழு நிறைவு’.

அந்த அறிக்கைகளை நம்பித்தான், இனி மாளிகையில் மனிதப் பணியாளர்களே வேண்டாம் என்று முடிவெடுக்க மன்றம் கூடியது. மாளிகைவாசிகள் எல்லாரும் சேர்ந்து செல்லக்கனியைப் பேச அனுப்பினார்கள். மடியில் கேரம் போர்டு, நாற்காலியைத் தள்ள ஆமாஞ்சாமி.

“ஆயிரம் பேரும் நிறைவா இருக்காங்கன்னு அறிக்கை சொல்லுதே அம்மா?” என்றார் மன்றத் தலைவர் ஆரோக்கியராஜ்.

செல்லக்கனி போர்டை மேசையில் வைத்து, சிவப்புக் காயைக் குழியின் விளிம்பில், ஊதினால் விழுகிற மாதிரி நிறுத்தினாள். “அடிடா,” என்றாள் ஆமாஞ்சாமியிடம்.

நரம்பு தப்பாமல் ஊசி போடுகிற கை. காய்க்கு ஒரு சாண் தள்ளி அடித்தது. மூன்று தரமும் அப்படியே.

“வேணும்னே விட்டியா?”

“எந்தப் பதில் தங்களுக்குச் சந்தோஷமோ, அதுதான் என் பதில், அம்மா.”

முதலில் சிரித்தவர் தலைவர்தான்.

“இவன் எழுதுன அறிக்கைதான் ஐயா உங்க கையில இருக்கு,” என்றாள் செல்லக்கனி. “குளிப்பாட்ட இவன் போதும். முடியாதுன்னு சொன்னாலும் விடாம எழுப்பி நடத்த மனுஷர் வேணும். பத்துப் பேருக்கு ஒருத்தர். அவங்களுக்குப் பயிற்சி குடுங்க, முழுச் சம்பளம் குடுங்க. நாளைக்கு அவங்க படுத்தா அவங்களப் பாக்கவும் ஆள் இருக்கணும். சட்டமாவே போட்டுருங்க.”

போட்டார்கள். எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை.

அடுத்த மாதம் ஒன்பதாம் மாடிக்கு வேலைக்கு வந்த அந்தோணியம்மாளுக்கு ஐம்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். முதல் ஆட்டத்திலேயே சிவப்பை உள்ளே தள்ளினாள்.

“கள்ளாட்டம்,” என்றாள் செல்லக்கனி.

“கண்ணாடியத் துடைச்சுட்டுப் பாருங்க அத்தே. தோத்தவங்க சன்னல் வரைக்கும் நடக்கணும். எழும்புங்க.”

“முடியாதுட்டி.”

“கிரேனையே ஓட்டுன ஆளுக்குப் பத்தடி நடக்க முடியாதாக்கும்?”

அன்று இரண்டடிதான். மறுநாளும் தோற்றாள், மூன்றடி. நாற்பதாம் நாள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் காலிலேயே நின்றாள். கீழே துறைமுகக் கிரேன்கள் வெயிலில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

“நாளைக்கு உன்ன ஜெயிக்காம விடமாட்டேன்,” என்றாள். நாற்பது நாள் தோற்றவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“அருமையான தோல்வி, அம்மா,” என்றது ஆமாஞ்சாமி.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எழுந்து நடக்கட்டும் கண்ணுகளா. அவர்களைக் கைப்பிடித்து எழுப்புகிறவர்கள் குறைவில்லாமல் வாழட்டும். தோற்றவர் சிரிக்கிற சத்தம் உங்கள் வீட்டில் எந்நாளும் கேட்கட்டும்.